துளி நகரவில்லையா? மலைக் குளிரிலும் பனிமூட்டத்திலும் எலக்ட்ரோவெட்டிங் சிப்பைச் சரிசெய்யும் முறை

எலக்ட்ரோவெட்டிங், அதாவது மின்புலத்தால் நுண்துளிகளை நகர்த்தும் முறையில் இயங்கும் சிப்புகளுக்கான கையேடுகள் பெரும்பாலும் ஏசி ஓடும் அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அறையின் வெப்பம் 25 டிகிரி, ஈரப்பதம் ஐம்பதைத் தாண்டாது என்று அவை தாமாகவே வைத்துக்கொள்கின்றன. குன்னூரிலோ கோத்தகிரியிலோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மேகம் நேராக மேசைக்கே வந்துவிடும். கூடலூர்ப் பக்கம் ஜூன் மாதமே இந்தக் கதை தொடங்கிவிடுகிறது. கொடைக்கானலிலும் நிலைமை வேறல்ல. கல்லூரி மாணவர்கள் செய்து கொண்டுவரும் சிப்புகளைப் பார்த்துப் பழகியதில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. இங்கே வரும் கோளாறுகளில் பெரும்பகுதிக்கு ஈரமும் குளிரும்தான் காரணம். ஆனால் எல்லோருடைய கையும் முதலில் போவது வோல்டேஜ் திருகுக்கு. "சார், இன்னும் ஒரு ஐம்பது வோல்ட் ஏற்றிப் பார்க்கலாமா?" என்பார்கள். வேண்டாம். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நான் எடுத்துக்கொண்டிருக்கும் அமைப்பு கையில் செய்யக்கூடிய எளிய வகை. கீழே தங்க முலாம் பூசிய பிசிபி பலகை, அதில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் சதுர மின்முனைகள். அவற்றின் மேல் 10 மைக்ரான் அளவில் ஒரு பிளாஸ்டிக் படலம். சமையலறையில் பாத்திரம் மூடும் பாலிஎத்திலீன் படலமே போதும். படலத்தின் மேல் நீரை விலக்கும் பூச்சு. அதற்கு மேல் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஐடிஓ (ஒளி ஊடுருவும், மின்சாரம் கடத்தும் பூச்சு) பூசிய கண்ணாடி மூடி. அதுவே தரை இணைப்பு. 1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 250 வோல்ட் மாறுமின்னழுத்தம். சந்தையில் உள்ள ஓப்பன்டிராப் போன்ற திறந்த வடிவமைப்புகளும் ஏறத்தாழ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

சூத்திரத்தையும் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம், பிறகு வேண்டியிருக்கும். துளியின் தொடுகோணம் (துளியின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் கோணம்) எவ்வளவு குறைகிறது என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: வோல்டேஜின் இருமடி, படலத்தின் மின்காப்பு மாறிலி, படலத்தின் தடிமன். முதல் இரண்டும் கூடினால் விளைவு கூடும். தடிமன் கூடினால் குறையும். மேலே சொன்ன அமைப்பில் கணக்குப் போட்டால் 110 டிகிரியில் நிற்கும் நீர்த்துளி 60 டிகிரிக்கு அருகே படிய வேண்டும். நடைமுறையில் அதற்கு முன்பே ஓர் எல்லையில் நின்றுவிடும். அந்த எல்லைக்கு மேல் வோல்டேஜை ஏற்றுவதால் கோணம் குறையாது, படலம்தான் பாழாகும். பாதரசத்தின் மேல் மின்னழுத்தம் பரப்பு இழுவிசையை மாற்றுவதை 1875இல் எழுதியவர் கேப்ரியல் லிப்மன். இடையில் ஒரு மின்காப்புப் படலத்தை வைத்தால் மின்னாற்பகுப்புத் தொல்லை இல்லாமல் இதைச் செய்யலாம் என்று 1993இல் காட்டியவர் புரூனோ பெர்ஜ். லிப்மனுக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காக அல்ல, வண்ண ஒளிப்படத்துக்காக. படச்சுருள் ஆலை இருந்த ஊட்டியில் இதைக் கூடுதலாகச் சொல்லிவைப்பதில் தவறில்லை.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 250 வோல்ட் விளையாட்டுப் பொருள் அல்ல. வெளியீட்டில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடை இருக்கட்டும். மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை அணைத்து, மின்தேக்கி வடியும்வரை காத்திருங்கள். மழைக்கோட்டைக் கழற்றிய ஈரக் கையோடு பலகையைத் தொடாதீர்கள்.

அறிகுறி: எந்தத் துளியும் எந்த மின்முனையிலும் அசையவில்லை

ஒரு துளிகூட அசையவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் எளியது. முதலில் மூடிக் கண்ணாடியைப் பாருங்கள். ஐடிஓ ஒரு பக்கத்தில் மட்டுமே பூசப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் துளியை நோக்கி இருக்க வேண்டும். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இரு முனைகளாலும் தொட்டால், கடத்தும் பக்கம் சில பத்து ஓம் முதல் சில நூறு ஓம் வரை காட்டும். மறுபக்கம் ஒன்றும் காட்டாது. நீர்விலக்குப் பூச்சு ஏற்கெனவே பூசியிருந்தால் மீட்டர் ஏமாற்றும். அப்போது மூலையில் ஓரிடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டிவிட்டுத் தொடுங்கள். தரைக் கம்பியை இணைப்பதும் அந்தச் சுரண்டிய இடத்தில்தான்.

அடுத்து வோல்டேஜ். மலிவான மல்டிமீட்டர்கள் மாறுமின்னழுத்தத்தைச் சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காக அளக்கும். 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை அதில் அளந்து, வந்த எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். மாற்றும் சுற்றுக்கு முன்னால், நேர்மின்னழுத்தமாக (டிசி) இருக்கும் இடத்தில் அளவெடுங்கள். மீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகாஓம். உங்கள் வெளியீட்டில் 1 மெகாஓம் காப்புத் தடை இருந்தால் மீட்டர் வைத்த உடனேயே ஏறக்குறைய ஒன்பது சதவீதம் குறைவாகக் காட்டும். அது பழுதல்ல.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் துளி அசையவில்லை என்றால் குற்றவாளி படலத்துக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. பலகையை மேசை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். படலம் ஒட்டிய இடம் தெளிவாக, தங்க நிறம் பளிச்சென்று தெரியும். காற்று சிக்கிய இடம் வெள்ளிப் பூச்சுப் போல மங்கலாக, ஓரத்தில் வானவில் வரிகளோடு தெரியும். அந்த மெல்லிய காற்றுதான் வேலையைக் கெடுக்கிறது. பாலிஎத்திலீனின் மின்காப்பு மாறிலி 2.25, காற்றின் மாறிலி 1. பத்து மைக்ரான் படலத்துக்கு அடியில் பத்தே மைக்ரான் காற்று இருந்தாலும் உங்கள் மின்தேக்கம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போய்விடும். துளியைத் தள்ளும் விசையும் அந்த அளவுக்கு விழும்.

தீர்வு மிக எளிது. படலத்தை எடுத்துவிட்டு, பலகையில் சிலிகோன் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, படலத்தை ஒரு முனையிலிருந்து மெதுவாகப் படியவிடுங்கள். பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பால் நடுவிலிருந்து ஓரத்துக்கு எண்ணெயை ஒதுக்குங்கள். சிலிகோன் எண்ணெயின் மாறிலி ஏறத்தாழ 2.7, காற்றை விரட்டுவதோடு அதன் வேலை முடிவதில்லை, மின்தேக்கத்திலும் இழப்பு வராமல் பார்த்துக்கொள்கிறது.

அறிகுறி: காலையில் ஓடியது, பனிமூட்டம் இறங்கியதும் நின்றுவிட்டது

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரே கோளாறுபோலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன.

முதலாவது, பலகையின் மேல் கசிவு. மின்முனைகளுக்கு இடையே 0.1 மில்லிமீட்டர் இடைவெளிதான். சால்டரிங் செய்தபோது விழுந்த பிளக்ஸ் மிச்சமும் விரல் ரேகையின் உப்பும் அங்கே இருந்தால், வெயில் நாளில் அவை வெறும் அழுக்கு. ஈரப்பதம் தொண்ணூறைத் தாண்டியதும் அவை நீரை இழுத்துக்கொண்டு கடத்த ஆரம்பித்துவிடும். அணைத்து வைத்த மின்முனையும் அரைகுறையாக மின்னேறும். துளி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் கொஞ்சம் படர்ந்து நின்றுவிடும். கைப்பேசிக் கேமராவில் மேக்ரோ வசதி இருந்தால் மேலிருந்து பாருங்கள்: ஒழுங்காக இயங்கும் துளி, அழைத்த பக்கம் மட்டும் விளிம்பை நீட்டும், கசிவு உள்ள துளி சதுரமாக, நான்கு மூலையும் சற்றே இழுபட்டு நிற்கும். அந்த வடிவத்தைப் பார்த்துவிட்டால் மீட்டர் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த நிலையில் வோல்டேஜை ஏற்றினால் கசிவும் சேர்ந்தே ஏறும். துளி இன்னும் அகலமாகப் படர்ந்து அப்படியே உட்காரும்.

பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான தூரிகையால் கழுவுங்கள். காய்ந்ததுபோலத் தெரிந்தால் போதாது. 50 முதல் 60 டிகிரி சூட்டில் அரைமணி நேரமாவது வையுங்கள். பாலிஎத்திலீன் படலத்தைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் சுருங்கிவிடும். சுற்றுப்பகுதிக்கு வார்னிஷ் பூச்சு கொடுத்தால் அடுத்த மழைக்காலம்வரை நிம்மதி. மின்முனைப் பரப்பில் மட்டும் வார்னிஷ் படக் கூடாது.

இரண்டாவது சங்கதி அதிகம் பேர் கவனிக்காதது: உயர் மின்னழுத்தம் தரும் சுற்றே ஈரத்தில் நனைந்து பொய் சொல்வது. வெளியீட்டைச் சரிபார்த்துத் திருத்தும் தடைகள் மெகாஓம் அளவில் இருக்கும். அவற்றின் மேல் ஈரம் ஒரு பக்கவழியை உண்டாக்கினால் பங்கீடு மாறும். வெளியீட்டை ஒட்டிய மேல்தடையைச் சுற்றிக் கசிந்தால் வெளியீடு இறங்கும். தரையை ஒட்டிய கீழ்த்தடையைச் சுற்றிக் கசிந்தால் ஏறும். பத்து சதவீதம் இறங்கினாலே, இருமடிக் கணக்கில் விசை பத்தொன்பது சதவீதம் போய்விடுகிறது. ஏறினால் இன்னும் மோசம், படலம் துளைபடும். மழைநாளில் அளந்து வோல்டேஜைத் திருகி வைத்துவிட்டு, வெயில் வந்ததும் மறந்துபோய் இயக்குபவர்கள்தாம் அதிகம் படலம் மாற்றுபவர்கள். தடைகள் இருக்கும் பகுதியை ஹேர் டிரையரின் இதமான காற்றில் இரண்டு நிமிடம் காட்டுங்கள். அளவு மாறினால் ஈரம் இருந்தது என்று பொருள். பூச்சு கொடுங்கள், திருகைத் தொடாதீர்கள்.

மூன்றாவது பனித்துளி படிதல். அறை 18 டிகிரி, ஈரப்பதம் தொண்ணூறு சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 16 டிகிரி. அதாவது அறையைவிட இரண்டு டிகிரி குளிர்ந்த எதன் மேலும் நீர் படியும். இரவெல்லாம் ஜன்னலோரம் கிடந்த ஐடிஓ கண்ணாடி, காலையில் ஆள் நடமாட்டத்தால் சூடாகும் அறையைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத நீர்த்திவலைகள் படிந்தால் துளி அவற்றோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரிக் குப்பியை அப்படியே சிப்பின் பக்கத்தில் வைப்பதும் இதே தவறு.

சிப்பை அறையைவிட மூன்று நான்கு டிகிரி சூடாக வைத்துக்கொள்வதுதான் வழி. பெட்டிக்குள் சிறிய பல்பு ஒன்றை எரியவிட்டால் போதும். கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் அலமாரியில் பல்பு போட்டு வைக்கும் பழக்கம் இந்த ஊர் ஒளிப்படக்காரர்களுக்குப் பழையது. அதே பெட்டியைப் பகிர்ந்துகொண்டாலும் சரி. கூடவே சிலிக்கா ஜெல் வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாகவோ, ஆரஞ்சு மணிகள் பச்சையாகவோ மாறிவிட்டால் அவை இனி வெறும் பாரம். அடுப்பில் 120 டிகிரியில் காயவைத்துவிட்டு மீண்டும் போடுங்கள்.

அறிகுறி: துளி பாதி தூரம் போய் ஒட்டிக்கொள்கிறது, அல்லது போகிறது, திரும்பி வரவில்லை

துளியின் அளவை முதலில் பாருங்கள். 2.5 மில்லிமீட்டர் சதுரமும் 0.2 மில்லிமீட்டர் உயரமும் பெருக்கினால் 1.25 மைக்ரோலிட்டர். துளி அடுத்த மின்முனையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அந்த மின்முனை அதை இழுக்க முடியும். ஆகவே ஒன்றரை மைக்ரோலிட்டர் அளவில் வையுங்கள். பிப்பெட் சரியாக இருந்தும் துளி சிறிதாகத் தெரிந்தால் இடைவெளி கூடியிருக்கிறது. ஒட்டுநாடா அடுக்குகளில் ஒன்று அதிகம், அல்லது தூசு.

மூடியின் ஒரு பக்கம் உயர்ந்து ஆப்பு வடிவமாகிவிட்டால், மின்சாரம் இல்லாதபோதே துளி அகலமான பக்கம் நோக்கி ஊரும். இரண்டு தட்டுகளும் நீரை விலக்குபவை என்பதால் துளி இடுக்கிலிருந்து விலகித் தாராளமான இடத்தைத் தேடும். இது நல்ல சோதனையும்கூட: எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் துளியைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஊர்ந்தால் பலகையைப் பாதிச் சுற்று திருப்பி வையுங்கள். துளி பலகையின் அதே மூலைக்கே போனால் இடைவெளி சமமில்லை; அறையின் அதே திசைக்குப் போனால் மேசை சாய்வு. மலைச்சரிவில் கட்டிய வீடுகளில் இரண்டாவதையும் லேசாக எண்ணிவிட முடியாது.

ஒரு பக்கம் மட்டும் போய்த் திரும்ப மறுப்பது பெரும்பாலும் நேர்மின்னழுத்தத்தில் ஓட்டுவதால். படலத்தில் மின்னூட்டம் தங்கி, அணைத்த பிறகும் துளியைப் பிடித்துக்கொள்கிறது. 1 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்னழுத்தத்துக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தொடுகோணத்தின் பிடிவாதமும் (துளியின் விளிம்பு பரப்பில் ஒட்டி நகர மறுப்பது) குறையும். ஆனால் அலைவெண்ணையும் கண்டபடி ஏற்றாதீர்கள். துளி மின்சாரத்தைக் கடத்தினால்தான் மின்னழுத்தம் முழுவதும் படலத்தின் மேல் விழும். தூய்மையாக்கிய நீரில் சில பத்து கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் மின்புலம் துளிக்குள்ளேயே புகுந்து, தள்ளும் விசை வடிந்துபோகும். கொஞ்சம் உப்பு கலந்த நீரில் இந்தச் சிக்கல் வராது. சோதனைத் துளிக்கு எப்போதும் சிறிது உப்புக் கரைசலையே வைத்துக்கொள்வது நல்லது.

பூச்சு தேய்ந்துவிட்டதா என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. மூடியை எடுத்துவிட்டு 10 மைக்ரோலிட்டர் துளி ஒன்றைப் பரப்பில் வைத்து, பலகையை மெல்லச் சாயுங்கள். சிலிகோன் எண்ணெய் லேசாகத் தடவிய நல்ல பரப்பில் பத்து டிகிரிக்குள் வழுக்கி ஓட வேண்டும். ஓடாமல் கண்ணீர்த் தாரையாக நீண்டு தொங்கினால் பூச்சுக்கு ஆயுள் முடிந்தது, படலத்தை மாற்றுங்கள். மீட்டருக்குச் செலவான பணத்தைவிட அதிகம் படலத்துக்குச் செலவாகாது.

குளிர்காலக் காலையில் எல்லாம் சரியாக இருந்தும் துளி தயங்கித் தயங்கிப் போகும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி கொட்டும் நாட்களில் மேசை பத்து டிகிரிக்குக் கீழே இருப்பது சாதாரணம். 20 டிகிரியில் 1 என்று இருக்கும் நீரின் பாகுநிலை 10 டிகிரியில் 1.3 ஆகும், 5 டிகிரியில் ஒன்றரை ஆகும், எண்ணெயும் கெட்டிப்படும். துளி மெதுவாகப் போவது பழுதல்ல. நிரலில் ஒவ்வொரு மின்முனையும் இயங்கும் நேரத்தைக் கூட்டுங்கள். இதற்கும் வோல்டேஜுக்கும் சம்பந்தமில்லை.

அறிகுறி: துளிக்குள் குமிழ்

எப்போது குமிழ் வருகிறது என்று கவனித்தாலே காரணம் தெரிந்துவிடும்.

மின்சாரம் கொடுத்த கணமே ஒரே புள்ளியிலிருந்து இடைவிடாமல் பொடிக் குமிழ்கள் எழுந்தால், படலத்தில் ஊசித்துளை. துளியின் நீர் மின்முனையைத் தொட்டு மின்னாற்பகுப்பு நடக்கிறது. அந்த இடத்தில் தங்க முலாம் விரைவில் கறுக்கும். உடனே அணைத்துப் படலத்தை மாற்றுங்கள். அந்த மின்முனையை மட்டும் தவிர்த்து ஓட்டலாம் என்ற கெட்டிக்காரத்தனம் வேண்டாம்.

மின்சாரமே இல்லாமல், அறையில் வைத்த சிறிது நேரத்தில் ஓரங்களில் மெல்லக் குமிழ் கட்டினால், அது கரைந்திருந்த காற்று வெளியேறுவது. கோயம்புத்தூரில் மூடி முத்திரையிட்ட கரைசல் புட்டியை இங்கே திறந்தால் 'உஸ்' என்று சத்தம் வரும், கேட்டிருப்பீர்கள். அங்கே அதிக அழுத்தத்தில் கரைந்த காற்று இங்கே தங்க இடமில்லாமல் வெளியே வருகிறது. புட்டியைத் திறந்து, தூசு விழாமல் தளர்வாக மூடி, ஒரு இரவு அறையில் விட்டுவிட்டு மறுநாள் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது வகை, சூடாக்கும்போது வருவது. சிப்பின் மேல் பிசிஆர் (டிஎன்ஏவைப் பலமடங்கு பெருக்கும் முறை) செய்ய நினைப்பவர்கள் இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த முறையில் டிஎன்ஏ இழைகளைப் பிரிக்க 94 அல்லது 95 டிகிரி வரை போக வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட அதேதான். குன்னூரில் ஏறக்குறைய 94. திறந்த துளியை 95 டிகிரிக்குக் கொண்டுபோகச் சொல்லும் நிரல் சமவெளியில் எழுதப்பட்டது. இங்கே அது துளியைக் கொதிக்க வைக்கச் சொல்லும் உத்தரவு. வெப்பக்கட்டுப்பாட்டுச் சுற்று பழுது, உணரி பழுது என்று கழற்றிப் போட்டுப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. காற்றுப்புகா மூடிய குழாயில் அழுத்தம் கூடுவதால் சாதாரண பிசிஆர் கருவியில் இந்தப் பிரச்சினை தெரிவதில்லை. சிப்பில் தெரியும். துளியை எண்ணெய்க்குள் வைத்தாலும் ஓரளவுதான் காப்பாற்றும். எங்காவது ஒரு காற்றுப் பொட்டு இருந்தால் அங்கிருந்து திடீரென்று வெடித்துக் கொதிக்கும்.

வெப்பநிலையை 90, 91 டிகிரிக்கு இறக்கிச் சற்று அதிக நேரம் வைத்துப் பார்க்கலாம். குறுகிய இலக்குத் துண்டுகளுக்கு இது கைகொடுக்கும். என் விருப்பம், டிஎன்ஏவைப் பெருக்கும் மற்றொரு வழியான லேம்ப் முறைதான். 2000இல் ஜப்பானில் வெளியான அந்த முறை 60 முதல் 65 டிகிரி வரையிலான ஒரே சூட்டில் நடந்து முடிகிறது. மலைக்கு ஏற்றது அதுவே. நோய்க்கிருமிச் சோதனை என்று கிளம்பும் மாணவர்களை இந்தப் பக்கம் திருப்பிவிட்டால் பாதிக் கோளாறு குறைகிறது.

அறிகுறி: நீலப் பொறி, கரும்புள்ளி, கருகிய வாடை

"உயரத்தில் காற்று மெல்லியது, அதனால் பொறி பறக்கிறது" என்ற விளக்கத்தைப் பலர் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது; இந்த அளவு வோல்டேஜில் அது பொருந்தாது. காற்றில் மின்முறிவு நடக்கக் குறைந்தபட்சம் சுமார் 330 வோல்ட் வேண்டும் என்பது பாஷென் விதி. மலை ஏறினால் அந்தக் குறைந்தபட்சம் மாறாது; எந்த இடைவெளியில் அது நடக்கும் என்பதுதான் மாறும். கடல்மட்டத்தில் ஏழெட்டு மைக்ரான் இடைவெளியில் நடப்பது இங்கே பத்து மைக்ரான் அளவில் நடக்கும். மின்முனைகளுக்கு இடையே உள்ள 100 மைக்ரான் காற்றைத் தாண்ட ஊட்டியிலும் 600 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். உங்களிடம் இருப்பது 250.

அப்படியானால் பொறி எங்கிருந்து வருகிறது? ஈரமும் அழுக்கும் சேர்ந்த தடம் கருகுவதால் வருகிறது. கழுவிக் காயவைத்தால் நிற்கும். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. சதுர அலைக்குப் பதில் சைன் அலையில் 250 வோல்ட் என்று மீட்டர் காட்டினால் அதன் உச்சம் 350ஐத் தாண்டும். படலத்துக்கு அடியில் பத்து மைக்ரான் காற்று சிக்கியிருந்தால், மின்னழுத்தத்தில் ஒரு பங்கு படலத்தின் மேல் விழுவதால் அந்தக் காற்று எல்லையை எட்டாவிட்டாலும், அதை நோக்கி நெருங்கும். அதற்கும் மருந்து முன்பு சொன்ன எண்ணெய்தான்.

அறிகுறி: தண்ணீர் ஓடுகிறது, தேநீர் ஓடவில்லை

இந்த ஊரில் சிப் செய்பவர்களில் பாதிப்பேர் கடைசியில் தேயிலைச் சாறைத்தான் சோதிக்க வருகிறார்கள். தேநீரில் பாலிபீனால், சாப்பானின் போன்ற பரப்பில் படியும் பொருட்கள் உண்டு. முதல் சில அடிகள் நன்றாக ஓடும். பிறகு போன வழியெங்கும் கண்ணுக்குத் தெரியாத கறை படிந்து, அடுத்து வரும் சுத்தமான துளியும் அதே இடத்தில் தடுக்கி நிற்கும். அந்தத் தடுக்கல் இடம் மாறாமல் இருந்தால் கறை. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் கசிவையோ அளவையோ சந்தேகியுங்கள்.

புரதம் உள்ள மாதிரிகளுக்குச் செய்வதுபோலவே புளூரானிக் எஃப்68 அல்லது எஃப்127 என்ற பொருளை 0.05 முதல் 0.1 சதவீதம் வரை கரைசலில் கலக்கலாம்; அது பரப்பில் முதலில் படிந்து மற்றவற்றுக்கு இடம் தராது. அதிகமாகச் சேர்த்தால் தொடுகோணம் தொடக்கத்திலேயே குறைந்து துளி சோர்ந்து கிடக்கும். கொதிநீரில் போட்ட சாறை அப்படியே ஊற்றாமல் ஆறவைத்து, வடிகட்டி, நீர்க்க வைத்து எடுங்கள். ஆறும்போது மேலே கட்டும் ஏட்டைக் கண்டிப்பாக நீக்குங்கள். தேநீருக்கென்று ஒரு பாதை, கழுவும் துளிக்கென்று ஒரு பாதை என்று மின்முனைகளைப் பிரித்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்ல ஏற்பாடு.

அறிகுறி: துளி பிரிய மறுக்கிறது

மூன்று மின்முனைகளில் நடுவே அணைத்து, இரு ஓரங்களையும் இயக்கினால் துளி நீண்டு, இடுப்பு ஒடுங்கி, இரண்டாகும். இடைவெளி அதிகமாக இருந்தால் இடுப்பு ஒடுங்காது. எவ்வளவு இழுத்தாலும் ஒரே துளியாகத் திரும்பிவிடும். நகர்த்த 0.2 மில்லிமீட்டர் போதும், பிரிக்க 0.1க்குப் பக்கம் கொண்டுவாருங்கள். அப்போது துளியின் அளவையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். பெரும்பாலும் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

அறிகுறி: துளி சுருங்கிக் காணாமல் போகிறது

ஜனவரி முதல் மார்ச் வரை காற்று வறண்டிருக்கும்போது வரும் புகார். அழுத்தம் குறைவாக இருப்பதால் நீராவி ஊட்டியின் காற்றில் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 1.3 மடங்கு வேகமாகப் பரவுகிறது. குளிர் இருப்பதால் ஆவியாதல் குறையும் என்று நம்பியிருந்தால் நண்பகலில் ஏமாறுவீர்கள். பெட்டிக்குள் ஈரப்பஞ்சு ஒன்றை வையுங்கள், அல்லது எண்ணெய் நிரப்பி ஓட்டுங்கள். மழைக்காலத்தில் வைத்த சிலிக்கா ஜெல்லை அப்போது வெளியே எடுத்துவிடவும் மறக்காதீர்கள்.

அறிகுறி: மின்வெட்டுக்குப் பிறகு தாறுமாறாக ஓடுகிறது

மின்சாரம் போய் வந்ததும் கட்டுப்பாட்டுச் சிப் எந்த நிலையில் விழிக்கும் என்று சொல்ல முடியாது. எச்வி507 போன்ற 64 வழி இயக்கிகளில், புதிய தரவு வரும்வரை வெளியீடுகளை அடக்கி வைக்கும் கால் (இணைப்பு முனை) ஒன்று இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். நிரலின் முதல் வரியே எல்லா மின்முனைகளையும் தரைக்குக் கொண்டுவருவதாக இருக்கட்டும். முடிந்தால் கைப்பேசிக்கான பவர் பேங்க்கில் ஓட்டுங்கள். இந்தச் சுற்று குடிக்கும் மின்சாரம் மிகச் சொற்பம்.

அறிகுறி: கோவையில் ஓடியது, இங்கே ஓடவில்லை

கல்லூரிப் போட்டிகளுக்குச் சிப்பைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி இறங்குபவர்களுக்கு இது. கீழே ஒட்டிய படலத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத காற்றுப் பொட்டுகள் இருந்தால், கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்கு வந்து சேரும்போது அவை கால்பங்கு பெருத்துவிடும். சிப்ஸ் பாக்கெட் கொண்டை ஊசி வளைவுகளில் உப்புவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. பலகையையும் சுற்றையும் மட்டும் கொண்டுவாருங்கள். படலத்தை வந்த இடத்தில் புதிதாக ஒட்டுங்கள். எதிர்த்திசையில் பொட்டுகள் சுருங்கும் என்பதால், இங்கே முரண்டு பிடித்த சிப் கீழே போனதும் ஒழுங்காக ஓடக்கூடும். அதை வைத்துப் படலம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்து அப்படியே திரும்பக் கொண்டுவராதீர்கள்.